தனியாக இருக்கும் முதியவர்களுக்கான தினசரி போன் சேவை: ஐந்துக்கு மூன்று

சென்னையில் தனியாக இருக்கும் என் அத்தைக்காக ஒரு தனியார் சேவைக்கு மாதச் சந்தா கட்டி வருகிறேன். தினமும் காலையில் ஒரு போன், எடுக்காவிட்டால் மறுபடி முயற்சி, அப்புறம் எனக்குத் தகவல், மாதம் ஒருமுறை ஆள் நேரில் வந்து பார்ப்பது, இவ்வளவுதான் சேவை. அத்தை தெருவிலேயே ஓய்வுபெற்ற ஒருவர் இறந்து கிடந்தது நான்காம் நாள்தான் தெரிந்தது. கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட்டுகள் உப்பிப் போய்க் கிடந்திருக்கின்றன, பார்த்தவர்கள் எல்லாம் மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள், மகனோ அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்திருக்கிறார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒரே பெண்தான் பேசுகிறார். அத்தையின் முட்டிவலி, மாத்திரை, கோயில் எல்லாம் அவருக்கு அத்துப்படி, ஒருநாள் குரலை வைத்தே காய்ச்சல் என்று கண்டுபிடித்து எனக்குச் சொன்னார். இதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

சறுக்குவது அடுத்த கட்டத்தில். ஒரு ஞாயிறு அத்தை போனை எடுக்கவில்லை, எனக்கு மதியம்தான் குறுஞ்செய்தி வந்தது, யாரும் நேரில் போகவில்லை, கேட்டால் ஞாயிறு ஆள் கிடையாதாம். மாடி வீட்டு அக்காதான் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். போனில் சார்ஜ் இல்லை, நல்லவேளை அவ்வளவுதான். விண்ணப்பத்தில் ரத்த வகை முதல் காப்பீட்டு எண் வரை கேட்டவர்கள், அவசரத்துக்குக் கதவை யார் திறப்பார்கள் என்று கேட்கவே இல்லை. மாற்றுச் சாவி அந்த அக்காவிடம் இருந்தும், அத்தை உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டால் சாவியால் பயனில்லை. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டு போட்டோம்.

ஜப்பானில் ஒரு மின்கெட்டில் 2001 முதலே இருக்கிறது, ஜோஜிருஷி நிறுவனத்துடையது, பெரியவர் தண்ணீர் எடுத்தாரா என்று பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பும். அப்படிப்பட்ட நாட்டிலேயே 2024-இல் தனியாக வசித்து வீட்டிலேயே இறந்தவர்கள் 76,020 பேர் என்று காவல்துறை கணக்கெடுத்திருக்கிறது. செய்தி வந்தால் மட்டும் போதாது, உடனே போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் குடும்பம் மட்டுமே என்றும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் விதிகளில், தனியாக வசிக்கும் முதியவர்களின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அத்தை பெயரை நாங்களே நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். காசு வாங்கும் நிறுவனம் முதல் நாளே செய்துதர வேண்டிய வேலை இது.

சந்தாவைத் தொடர்கிறேன், அந்தப் பெண்ணின் போனுக்காக. நீங்கள் சேருவதாக இருந்தால் ஞாயிறும் பண்டிகை நாளும் ஆள் வருவாரா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காசு கட்ட முடியாதவர்கள் 14567-ஐக் குறித்துக்கொள்ளுங்கள், முதியோருக்கான அரசு உதவி எண், கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம்.