கிளட்ச் பெடல் மேலே வரவில்லையா? கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே தங்கிவிடுகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், பல ஒர்க்‌ஷாப்களில் முதல் வார்த்தையே "கிளட்ச் செட் போச்சு சார்" என்பதுதான். தாம்பரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னிடமும் அதையே சொல்லி 18,400 ரூபாய் வாங்கினார்கள். மாற்றியதாகச் சொன்ன எதையும் அவர்கள் மாற்றவே இல்லை.

என் வண்டி ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச், உள்ள டீசல் கார். வெயில் நேரத்தில் ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் ஊர்ந்து போகும்போது பெடல் தொளதொளவென்று இறங்கும், பாதிதான் மேலே வரும். கியர் விழ மறுக்கும். இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் மறுபடி சரியாகிவிடும். ஆனால் மேம்பாலம் ஏறும்போது இழுவையில் குறையே இல்லை, கருகிய வாடையும் இல்லை. இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் விவரமாகச் சொன்னேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை, பெடலில் கால் வைத்துப் பார்க்கவும் இல்லை. "70,000 ஓடியிருக்கு சார். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணும் மாத்திடலாம். கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார்.

இங்கேதான் உஷாராக வேண்டும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் வண்டி இழுக்காது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பெடல் தானாக உள்ளே இறங்குவது வேறு சங்கதி. பெடலுக்குப் பின்னால் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஆயில் லைன். இதில் எங்காவது சீல் போனாலோ காற்று புகுந்தாலோ அழுத்தம் நிற்காது. பல முறை மிதித்தால் சரியாகிறது என்பதே, கோளாறு இந்த ஆயில் பக்கம்தான் இருக்கும் என்பதற்கு நல்ல அடையாளம். பிரஷர் பிளேட் உடைந்தும் பெடல் கெடலாம், மறுக்கவில்லை. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டரே கியர்பாக்ஸுக்குள் இருக்கும், அதற்கு இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் வெளியில் கண்ணால் பார்க்கக்கூடியதை முதலில் பார்த்துவிட வேண்டாமா?

டெலிவரி எடுக்கும்போது பழைய பாகங்களைக் கேட்டேன். ஒரு பிரஷர் பிளேட்டைக் காட்டினார்கள். பிளேட்டோடு உரசும் முகம் முழுக்கச் செந்துரு. முந்தின நாள் வரை ஓடிய வண்டியில் அந்த முகம் பளபளவென்று தேய்ந்திருக்க வேண்டும். கேட்டதற்கு, "மழையில வெளிய கிடந்துச்சு சார்" என்று பதில். ஊரில் அந்த வாரம் ஒரு தூறல்கூட இல்லை. பில்லிலோ "கிளட்ச் ஓவரால்" என்று ஒரே வரி. பார்ட் நம்பர் கிடையாது.

சில வாரம் பெடல் நன்றாக இருந்தது. பிறகு பழைய கதைதான். இந்த முறை குரோம்பேட்டையில் ஒரு பெரியவரிடம் போனேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டார். மாஸ்டர் சிலிண்டரின் தண்டு உள்ளே போகும் ரப்பர் உறை ஈரமாக இருந்தது. கீழே பிராக்கெட்டில் பெயின்ட் பொரிந்து உரிந்திருந்தது. கிளட்ச் லைனிலும் ஓடுவது பிரேக் ஆயில்தான், அது பட்டால் பெயின்ட் அப்படித்தான் ஆகும். பிறகு வண்டியைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "தம்பி, இங்க வந்து பாருங்க. இந்த போல்ட்ல ஸ்பேனரே படல."

கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் போல்ட்டுகள் அவை. தலையைச் சுற்றி வருஷக்கணக்கான மண்ணும் எண்ணெயும் கெட்டிப்பட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அவற்றைக் கழற்றாமல் கியர்பாக்ஸ் இறங்காது, கியர்பாக்ஸ் இறங்காமல் கிளட்ச் பிளேட் மாறாது. ஆயிலை நிரப்பி, லைனில் காற்றை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் சில வாரம் தாங்கியது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றிக் காற்றை எடுக்க, கூலியோடு சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. இன்றுவரை பெடல் ஒழுங்காக இருக்கிறது.

பணத்தைவிட என்னை அதிகம் கோபப்படுத்துவது வேறு. என் வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான். இப்படிப் பல வண்டிகள் உண்டு. அதில் அளவு குறைகிறதென்றால் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது மெக்கானிக்கின் கடமை. பார்க்காமல் ஊற்றி மூடி, குடும்பத்தோடு போகிற வண்டியை ரோட்டில் விட்டிருக்கிறார்கள்.

வண்டியை விடும் முன் டப்பாவில் ஆயில் அளவையும், கியர்பாக்ஸ் போல்ட்டுகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிளேட் தேய்ந்ததாகச் சொன்னால், ஹேண்ட்பிரேக் போட்டு, முன்னால் யாரும் இல்லாத இடத்தில், மூன்றாவது கியரில் கிளட்சை விடச் சொல்லுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒரு முறை போதும், திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது. கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் பிரிந்திருக்கிறதா, காய்ந்துபோய் இறுகுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

போட்டோக்கள், பில், பெரியவர் எழுதித் தந்த சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.