நெல்லைக் கல்யாணமும் ஒவ்வாமையும்: மாலைக்கடையில் என்ன சொல்லி வாங்குவது

கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஊர் வருகிறவர்கள் பூக்கடையில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, எனக்குப் பூ ஒத்துக்காது, வாசமில்லாததாக் கட்டுங்க." டவுனிலும் பாளையங்கோட்டையிலும் மாலை கட்டுகிறவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சரியான பூவை அவர்களால் எடுக்க முடியாது. சிலருக்கு நெடி ஆகாது, சிலருக்கு மகரந்தம், சிலருக்குச் சாறு. ஒவ்வொருவரும் தள்ள வேண்டிய பூ வேறு.

மல்லி, பிச்சி, சம்பங்கி மூன்றும் பூச்சியை நம்பிக் காய்க்கிற இனம். அவற்றின் மகரந்தம் காற்றில் அதிகம் பறப்பதில்லை. தும்மலும் தலைவலியும் வருவது பெரும்பாலும் நெடியால்தான். மல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். அது சாயங்காலம்தான் விரிகிறது, விரியும்போதுதான் வாசம் கிளம்பும். அதனால் காலை ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம் என்றால், அன்று பறித்த மொட்டைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளலாம். ஆறு மணி முகூர்த்தத்துக்குக் கிடைப்பது முந்தைய நாள் மொட்டு. அதை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் விரிவது தாமதமாகும். சாயங்கால ரிசப்ஷன்தான் மோசம். ஏசி போட்டு அடைத்த மண்டபத்தில் அத்தனை மொட்டும் ஒன்றாக விரியும். அந்த நேரத்துக்குக் கனகாம்பரம் நல்லது. வாசமே கிடையாது, பட்டுப்புடவைக்கும் எடுப்பாக இருக்கும்.

தோல் தடிக்கிறவர்களுக்குக் கதை வேறு. கேந்தி, செவ்வந்தி, ஜெர்பரா, மரிக்கொழுந்து நான்கும் பார்த்தீனியம் என்கிற களைச்செடியின் குடும்பம். பார்த்தீனியத்தால் அரிப்பு வருகிறவர்களுக்கு இவற்றின் சாறும் பகையாகலாம். "வாசமில்லாதது" என்று கேட்டால் கடைக்காரர் நல்லெண்ணத்தோடு எடுத்து வைப்பது செவ்வந்தியாகவே இருக்கும்! மல்லி மாலையிலும் பச்சைக்காக இடையிடையே மரிக்கொழுந்து வைப்பது வழக்கம். இந்தத் தடிப்பு உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்தே கழுத்தில் சிவந்து கிளம்பும். காலையில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை என்பதை நம்பக் கூடாது.

ஆரல்வாய்மொழி தாண்டித் தோவாளைச் சந்தையில் மாணிக்கமாலை கட்டச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற அழகான வேலைப்பாடு அது. ஆனால் அதன் பூ அரளி. அரளிப் பால் சிலர் தோலை எரிக்கும், வாயில் போனால் நஞ்சு. மடியில் கைக்குழந்தை இருந்தால் வேண்டாம்.

தோல், மூக்கு இரண்டுக்கும் நான் முதலில் சொல்வது ரோஜா இதழ் மாலை. இதழை மட்டும் மடித்துக் கட்டுவதால் நடுவில் உள்ள மகரந்தம் மாலைக்குள் வருவதில்லை. பிடரியில் உட்காரும் ஒரு அடிக்குப் பூவே வைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றித் தரச் சொல்லுங்கள். வாசமே ஆகாதவர்களுக்குத் தக்கை போன்ற நெட்டியில் செய்த மாலை இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான். முகூர்த்த நாளில் பூ விலை ஏறி, சொன்ன பூ கிடைக்காவிட்டால் கடையில் மாற்றுப் பூவை வைத்துக் கட்டிவிடுவார்கள். வாடாமல் தெரியச் செண்ட்டும் ஜிகினாவும் அடிப்பார்கள். சாயம் தோய்த்த பச்சை, நீல மொட்டும் அப்படித்தான். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே சீட்டில் எழுதி வாங்குங்கள்: மரிக்கொழுந்து கூடாது, செண்ட் கூடாது, சாயப்பூ கூடாது, பூ மாறினால் கட்டுவதற்கு முன் போன் செய்ய வேண்டும். மாலை மாற்றும்போது எதிராளி மாலை உங்கள் கழுத்துக்கு வரும் என்பதால், இரண்டு மாலைக்கும் இதே சீட்டு. நாத்தனார் கொண்டுவரும் மாலைக்கும் சொல்லிவிடுங்கள்.

மண்டப வாசலை யாரும் கவனிப்பதில்லை. வாழைமரத்தோடு தென்னம்பாளையைப் பிளந்து கட்டுவார்கள். விரிந்த பாளையிலிருந்து தூள் உதிரும். தென்னை மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது. வாசலில் தும்மிவிட்டு மல்லியைப் பழிப்பவர்கள் பலர். பாளைக்குப் பதில் குருத்தோலைத் தோரணம் கட்டச் சொன்னால் பந்தல்காரர் மறுக்கமாட்டார்.

பரிசோதனை செய்ய நினைத்தால் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஊர் வர வேண்டும். முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனைக்கு 48 மணி நேரம் ஒட்டு அப்படியே இருக்க வேண்டும், பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள். ஊசிமுனைச் சோதனை 20 நிமிடத்தில் முடியும், ஆனால் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை ஒரு வாரம்போல் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைத் தாம்பூலப் பைகளோடு கலக்காமல் துணைமாப்பிள்ளை கையிலோ தோழி கையிலோ கொடுத்து வையுங்கள். மேடையில் ஓமப் புகையும் சேரும்.

இரவு அறையை அலங்கரிக்க வருகிறவரிடமும் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டிலைச் சுற்றி மல்லிச்சரம் தொங்கவிடுவதுதான் இங்கே வழக்கம். அதற்குப் பதில் ரோஜா இதழை ஒரு தாம்பாளத்தில் வைத்தால் போதும், மெத்தையில் தூவ வேண்டாம்.