வெள்ளி அடைப்பை எடுத்த பல் கிளினிக்: மட்டக்களப்பு

மட்டக்களப்பு நகரில், திருமலை வீதிப் பக்கம் உள்ள ஒரு தனியார் பல் கிளினிக்கில் என் பழைய வெள்ளி அடைப்பை எடுத்துப் புதிது வைத்தேன். வேலை அவ்வளவு சுத்தம். இப்படி ஓரிடம் தேடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்களில் வெள்ளி அடைப்பு இருந்தது. படிக்கிற காலத்தில் பாடசாலைப் பல் கிளினிக்கில் அடைத்தவை. வெள்ளி என்று சொன்னாலும் அது அமல்கம் என்கிற உலோகக் கலவை, அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். கீழ்ப்பல்லில் இருந்தது ஓரம் வெடித்து, இறைச்சி சாப்பிட்டால் நார் போய்ச் சிக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் விண்ணென்று இழுக்கும். இதைக் கேள்விப்பட்ட சுவிஸ் அக்கா வட்ஸ்அப்பில் வீடியோ வீடியோவாக அனுப்பத் தொடங்கினா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் இந்த அடைப்பைத் தடை செய்துவிட்டார்களாம், உடனே இரண்டையும் எடு என்று ஒரே நச்சரிப்பு. முதலில் போன வேறொரு இடத்திலும் இரண்டையும் எடுப்போம், பிறகு 'நஞ்சை இறக்க' மருந்தும் தருவோம் என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, எழும்பி வந்துவிட்டேன்.

இந்த கிளினிக்கில் இருக்கும் டொக்டர் இளம் பிள்ளை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், மேல்பல்லில உள்ளது நல்ல இறுக்கமா இருக்கு. அதைத் தோண்டினாத்தான் பாதரச ஆவி கூட வரும். அதை விடுவம், வெடிச்சதை மட்டும் எடுப்பம்" என்றா. பிறகு நான் தேடி வாசித்தபோது, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.யும் 2020இல் இதையே சொல்லியிருந்தது: நல்ல நிலையில் உள்ள அடைப்பை, மருத்துவத் தேவை இல்லாமல் எடுக்க வேண்டாம். ஐரோப்பியத் தடைக்குப் பெரிய காரணம் பாதரசம் சூழலில் சேர்வது. அதை வைத்து, வாயில் இருப்பதை இன்றைக்கே பிடுங்க வேண்டும் என்று முடிவு கட்ட முடியாது. இரண்டு பல்லுக்கும் காசு வாங்கக்கூடிய இடத்தில் ஒன்று போதும் என்று சொன்னதே எனக்குப் பெரிய நம்பிக்கை.

எடுத்த விதத்தைச் சொல்கிறேன். விறைக்கிற ஊசி போட்ட பிறகு, பல் ஒன்று மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மெல்லிய றப்பர் விரிப்பை வாய்க்கு மேலே கட்டினார்கள். துகள் தொண்டைக்குள் போகாது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் தனியாகக் காற்று வருகிற மூடி. உதவிக்கு நின்ற தங்கச்சி பெரிய உறிஞ்சுகுழாயைப் பல்லோடு ஒட்டிப் பிடித்தபடியே நின்றா, ஒரு தரமும் விலக்கவில்லை. டொக்டர் அடைப்பை அரைத்துத் தூளாக்கவில்லை. தண்ணீரை இடைவிடாமல் பீச்சியடிக்க, குறுக்கே வெட்டித் துண்டு துண்டாகக் கிளப்பி எடுத்தா. சூடும் தூளும் குறைந்தால் ஆவியும் குறையும். அதன்பிறகு பல் நிறப் பசையை வைத்து, நீல வெளிச்சம் அடித்து இறுக்கினா. இப்போது அந்தப் பக்கத்தால் நன்றாகச் சப்பிச் சாப்பிடுகிறேன். பாதுகாப்பு ஏற்பாட்டுக்கென்று பில்லில் தனிக் காசு போடவில்லை.

எடுத்த துண்டுகள் எங்கே போகும் என்று கேட்டேன். மூடி இறுகிய போத்தலைக் காட்டினா. கதிரைக்குப் பக்கத்து அலுமாரியைத் திறந்து, உறிஞ்சின தண்ணீரில் இருந்து அமல்கத் தூளைப் பிரித்துப் பிடிக்கிற பெட்டியையும் காட்டினா. எனக்கு மிகவும் பெறுமதியாகப் பட்டது இந்தப் பெட்டிதான். கானில் போகிற பாதரசம் கடைசியில் நீர்நிலைக்குத்தான் சேரும், அங்கே சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் கெட்ட வடிவத்துக்கு மாற்ற, மீனில் ஏறும். வாவி மீனும் இறாலும் சாப்பிட்டு வளர்கிற பிள்ளைகள் உள்ள ஊரில் ஒவ்வொரு பல் கிளினிக்கிலும் இது இருக்கத்தான் வேண்டும்.

மகளுக்கும் ஒரு பல்லில் வெள்ளி அடைப்பு உண்டு. அவள் பால் கொடுக்கிற தாய் என்றதும், அவசரம் ஒன்றும் இல்லாவிட்டால் பிள்ளை பால் மறந்த பிறகு பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டா. கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தானாம்.

குறை என்றால், கிளினிக் மேல்மாடியில். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு அந்தப் படி கஷ்டம், பிடித்து ஏறக் கம்பியும் ஒரு பக்கம்தான். பின்னேரத்தில் மட்டும் திறப்பதால் களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் இருந்து வருகிறவர்கள் திரும்பும் பஸ்ஸை யோசித்து நேரம் எடுங்கள். வேறு கிளினிக்குக்குப் போவதென்றாலும் பரவாயில்லை, றப்பர் விரிப்பு போடுவார்களா, அமல்கம் பிரிக்கிற பெட்டி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.