14 வருடம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்: என் காரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்

2011-இல் சென்னையில் வாங்கிய பெட்ரோல் கார். இதுவரை 1,52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைலேஜ், ஏசி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டரைப் பற்றி.

முதல் 7 வருடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. 2018 மழைக்காலத்தில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில் பழுதாகி வண்டி திணறியது. செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மின்னினால் ஓட்டக்கூடாது என்று தெரியாமல் 10 நாள் ஆபீஸுக்கு ஓட்டினேன். என்ஜினில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது. காயிலை மாற்றியும் 60-க்கு மேல் வேகம் ஏறவில்லை. மெக்கானிக் அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் தட்டினார். உள்ளே கலகலவென்று சத்தம்.

"இதை வெட்டிட்டு வெறும் பைப் வெச்சிடலாம் சார். செலவு கம்மி, பிக்கப்பும் நல்லா இருக்கும்."

"வேண்டாம் தம்பி, ஒரிஜினலே போடுங்க" என்றேன். அரை மாதச் சம்பளம் போனது. பழையதை வெட்டிக் காட்டச் சொன்னேன். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், ஒரு மில்லிமீட்டர் அகலத் துளைகள். ஓரத்தில் ஒழுங்காக இருந்தன. நடுவில் அடிப்பிடித்த பாகுபோல உருகி அடைத்துக் கிடந்தன.

அந்தத் துளைகளின் சுவரில்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். மொத்தமே சில கிராம்தான். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் அந்தப் பரப்பில் ஒட்டி, ஆக்சிஜனோடு சேர்ந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் வெளியேறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைத்து வெறும் நைட்ரஜனாக்குவது முக்கியமாக ரோடியம். வினை முடிந்ததும் உலோகம் பழையபடியே அங்கேயே இருக்கும். செலவாகாது. வினையூக்கி என்பதன் அருமையே அதுதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வண்டியின் ஆயுள் முழுக்க உழைக்கும். அதைக் கெடுப்பதெல்லாம் நாம் உள்ளே அனுப்புவதுதான். பெட்ரோலில் கலந்த ஈயம் இந்தப் பூச்சுக்கு விஷம். அதனால்தான் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியபோதே ஈயமில்லாத பெட்ரோலையும் அங்கே கொண்டுவந்தார்கள்.

குறையும் உண்டு. சுமார் 300 டிகிரி சூடேறும்வரை இது சரியாக வேலை செய்யாது. ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடப் புகை கிட்டத்தட்ட சுத்தம் செய்யப்படாமலே வரும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் கூடாது. தெருமுனைக் கடைக்கு நான் இப்போது காரை எடுப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடையும் இது குறைக்காது. அதற்குப் பெட்ரோலைக் குறைத்து எரிப்பது ஒன்றே வழி.

போன மாதப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.04 சதவீதம். என் வண்டி பிஎஸ்-4, அதாவது இந்தியப் புகை விதிகளின் நான்காம் கட்டம்; அதற்கு வரம்பு 0.3. புதிதாகப் போட்டு 7 வருடம் ஆன பிறகும் இந்த அளவு என்றால் கொடுத்த காசு ஒவ்வொன்றும் தகும்.

இப்போது ஒரே கவலை, என்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அந்தப் பூச்சின்மேல் படிந்தால் திரும்ப எடுக்க முடியாது. வரும் சனிக்கிழமை, ஆயில் எரியும் அறைக்குள் கசியாமல் தடுக்கும் வால்வ் சீலை மாற்ற வண்டியை விடுகிறேன்.