பிஎஸ்கியூஎல்: பிழையைப் பார்த்தும் நிற்காத கறுப்புத் திரை

கீழக்கரை நண்பர் ஒருவர் கேட்டார்: "தினமும் கறுப்புத் திரையில என்னமோ தட்டிக்கிட்டு இருக்கீங்களே, பிஜிஅட்மின்ல கிளிக் பண்ணினா ஆகாதா?" கறுப்புத் திரை என்றால் பிஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திடம் கமாண்ட் தட்டி வேலை வாங்கும் கருவி; அதே தரவுத்தளத்தைக் கிளிக் செய்து கையாள பிஜிஅட்மின். ஒரு ஃபைல் என்றால் தாராளமாக ஆகும். எங்களுக்கு மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி என்று மீன் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும், படகு வாரியாக எடையைத் தரவுத்தளத்தில் ஏற்றும் ஒரு எஸ்கியூஎல் ஃபைல் வரும். விசைப்படகு கரைக்கு வரும் நாளில் அது நீண்டுகொண்டே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு நண்டும் கணவாயும்தான். எல்லா ஃபைலையும் ஒரு லூப்பில் போட்டு பிஎஸ்கியூஎல்லிடம் விட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததா என்பதில்தான் எனக்குத் தீராத எரிச்சல். நடுவில் ஒரு வரி தப்பாக இருந்தால் இது நிற்காது. பிழையை ஒரு வரியில் முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பாம்பன் ஃபைலில் ஒரு படகுக்கு எடையே போடாமல் கமாவை அடுத்து கமா வந்திருந்தது. அந்த வரி மட்டும் ஏறவில்லை, மற்றதெல்லாம் ஏறிவிட்டது. திரை முழுக்க 'ஒரு வரிசை ஏறியது' என்பதற்கு 'இன்சர்ட் 0 1', 'இன்சர்ட் 0 1' என்று ஓடும்போது அந்தப் பிழை யார் கண்ணில் படும்? மறுநாள் படகுக்காரச் சம்மாட்டி வந்து "என் கணவா எங்கப்பா?" என்று நின்றபோதுதான் தெரிந்தது.

அந்த 0 இன்னொரு கூத்து. முன்பு ஒவ்வொரு வரிசைக்கும் ஓஐடி என்ற அடையாள எண் கொடுக்கும் வசதி இருந்தது, அதைக் காட்டுகிற இடம் அது. 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12-லேயே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். சுழியம் மட்டும் இன்னும் போகவில்லை. கமாண்டில் மைனஸ் க்யூ (-q) என்று சேர்த்தால் இந்த இரைச்சல் அடங்கும், பிழை மட்டும் தெரியும்.

சரி, மைனஸ் 1 (-1) போட்டு ஃபைல் முழுவதையும், ஏறினால் மொத்தமும் இல்லாவிட்டால் எதுவுமே இல்லை என்கிற ஒரே டிரான்சாக்‌ஷனாக ஆக்கினால்? ஒரு பிழை வந்ததும் அதற்குப் பிறகு வரும் வரியெல்லாம் நிராகரிக்கப்படும், கடைசியில் எதுவுமே ஏறாது. நல்லதுதான். ஆனால் முடிந்த பிறகு வெற்றியா தோல்வியா என்று லூப்புக்குச் சொல்லும் எக்ஸிட் கோட் அப்போதும் 0, அதாவது வெற்றி. ஒரு கிலோகூட ஏறவில்லை, லூப்புக்குச் சொல்வதோ சுபம்! 'ஆன் எரர் ஸ்டாப்' (ON_ERROR_STOP) என்ற அமைப்பை 1 என்று வைத்தால்தான் பிழை வந்த இடத்தில் நின்று 3 என்று சொல்லும். இதை ஏன் முதலிலேயே அப்படி வைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிஎஸ்கியூஎல் தொடங்கும்போது படிக்கும் பிஎஸ்கியூஎல்ஆர்சி (.psqlrc) ஃபைலில் எழுதிவைக்கலாம். ஆனால் அது அந்த யூசருக்கு மட்டும். ராத்திரி தானாக ஓடும் வேலை வேறு யூசரில் ஓடினால் பழைய கதைதான். அதனால் ஒவ்வொரு கமாண்டிலும் கையோடு எழுதிவிடுகிறேன்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஃபைலை மைனஸ் எஃப் (-f) கொடுத்து ஓட்டினால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் சேர்த்துப் பிழையைக் காட்டும். அம்புக்குறி (<) போட்டு உள்ளே தள்ளினால் அது கிடைக்காது. பாம்பன்காரருக்கு போன் போட்டு "இத்தனாவது வரி, எடை இல்லை" என்று சொன்னால் போதும், திருத்தி அனுப்பிவிடுவார். 9.6 பதிப்பிலிருந்து ஒரே கமாண்டில் பல ஃபைல் கொடுக்கலாம், ஆனால் மைனஸ் 1-உடன் கொடுத்தால் தொண்டி ஃபைலில் உள்ள ஒரு கமா மண்டபத்தையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடும். அதனால் ஃபைலுக்கு ஒரு தடவை தனியாக ஓட்டுவதே நல்லது. ஃபைலுக்குள்ளேயே டிரான்சாக்ஷனைத் தொடங்கி முடிக்கும் பிகின், கமிட் இருந்தால் மைனஸ் 1 நினைத்தபடி வேலை செய்யாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சந்தோஷம் கரண்ட் போகும்போதுதான். காற்று மழை மாதத்தில் கரண்ட் பாதியில் போகும், ஃபைலும் பாதியில் நிற்கும். ஆனால் மைனஸ் 1 இருப்பதால் உள்ளே பாதி ஏறியிருக்காது. எது ஏறியது, எது ஏறவில்லை என்று தேடாமல் அதே ஃபைலை மறுபடி ஓட்டலாம். எத்தனை திட்டினாலும், இந்த ஒன்றுக்காகவே இதை விடமாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்களுக்கு ஒரு கடை, நாளுக்கு ஒரு ஃபைல், பிஜிஅட்மினிலேயே இருங்கள். கேட்காமல் ஓட்டித்தான் பார்ப்பீர்கள் என்றால் என் கமாண்ட் வரியை அனுப்புகிறேன், அதில் ஆன் எரர் ஸ்டாப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.