தேனீயின் சுழியை வெட்டும் தீம்: மூன்று வருட அனுபவம்

தக்கலையில் நர்சரி வைத்திருக்கும் நண்பன் நேற்று கேட்டான்: "மக்கா, உன் சைட்டுல போட்டிருக்கியே அந்தத் தீம், இப்ப பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டா?" வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், நாலு நிமிடம் தாண்டியும் முடியவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் தேனும் தேனீப்பெட்டியும் விற்கிறோம். தளம் தொடங்கி மூன்று வருடம், அன்று முதல் இதே தீம்தான், அதாவது தளத்தின் தோற்றத்தை முடிவுசெய்கிற, காசு கொடுத்து வாங்கும் ஆயத்த வடிவமைப்பு. எத்தனை பக்க வடிவம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவர்களுடைய விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். விலைப்பட்டியல் அவ்வளவு அழகு. ரப்பர் மரத்துத் தேன் கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ, அப்புறம் கொடுக்கில்லாத குட்டித் தேனீயின் விலை கூடிய சிறுதேன் என்று வரிசையாகப் போட்டால், எண்கள் எல்லாம் ஒரே அகலத்தில், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக, அப்பா கணக்கு நோட்டில் எழுதுவது போலவே நிற்கும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் டேபுலர் நம்ஸ் என்று ஒரே ஒரு வரிதான் அதற்கு. அந்த வரியைப் போடாத தளங்களில் சில எழுத்துருக்களில் 1 ஒல்லியாகவும் 8 குண்டாகவும் வந்து, விலைகள் கோணலாகத் தொங்கும். அதேபோல் இணைப்புகளின் அடிக்கோடு. எழுத்தோடு ஒட்டாமல் கொஞ்சம் கீழே தள்ளி ஓடுகிறது, 'கு'வின் வால் இறங்கும் இடம் வந்ததும் விட்டுவிட்டு அந்தப் பக்கம் தொடர்கிறது. முதன்முதலில் கவனித்த அன்று, பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் செய்தவருக்குக் கண் இருக்கிறது என்று தோன்றியது.

எழுத்துக்குக் கீழே இவ்வளவு கவனமாகப் பார்த்தவர், மேலே பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு பொருளையும் படத்தோடு காட்டும் பெட்டிக்கு அட்டை என்று பெயர். அந்த அட்டைகளின் தலைப்பில் லைன் ஹைட், அதாவது வரியின் உயரம், 1 என்று வைத்திருக்கிறார்கள். எழுத்து 24 பிக்சல் என்றால் வரியும் 24 பிக்சல். தலைப்பு இரண்டு வரியைத் தாண்டாமல் இருக்க, மிஞ்சுவதை வெட்டிவிடும் ஓவர்ஃப்ளோ ஹிடன். அட்டையின் உயரமும் பிக்சலில் பூட்டு. ஆங்கில எழுத்துக்கு இது போதும், நெருக்கமாக அழகாகக்கூட இருக்கும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும், 'கி'யின் மேல்விலங்கும், 'கீ'யின் சுழியும் உச்சியில் அல்லவா இருக்கின்றன! முதலில் வெட்டுப்படுவது அவைதான். 'தேன்' புள்ளி போய் 'தேன' ஆகும். அதைக்கூட வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். 'தேனீ'யில் சுழி போனால் 'தேனி'. அது வேறு ஊர்.

குழித்துறையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பெட்டி வாங்குவதற்காகப் போன் செய்தவர், முதலில் கேட்டது இதைத்தான்: "மக்களே, தேனீக்குச் சுழி உண்டுல்லா? ஏன் தேனின்னு போட்டிருக்கிய?" நான் சரியாகத்தான் அடித்திருந்தேன். என் லேப்டாப்பில் சுழி மேலே இடிக்கிற மாதிரி இருந்ததே தவிர முழுசாகத் தெரிந்தது. அப்பாவின் போனில் திறந்து பார்த்தேன், இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது. தேனீ வளர்க்கிற ஊரில் இருந்துகொண்டு தேனீ என்ற சொல்லைத் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் எத்தனை மாதமாக என்றே தெரியாமல்.

எழுத்துருதான் காரணம் என்று நினைத்து நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். வெட்டு கூடியது, குறைந்தது, போகவில்லை. லைன் ஹைட்டை 1.5 ஆக்கி, தலைப்புக்கு மேலே கொஞ்சம் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்து, அட்டையின் உயரப் பூட்டையும் எடுத்த பிறகுதான் சுழி திரும்பி வந்தது. மூன்றே வரி. ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் சிஎஸ்எஸ் அந்தத் தலைப்பை அடையாளம் காணும் கிளாஸ் பெயரை மாற்றிவிடுகிறார்கள், என் மூன்று வரியும் செத்துப்போகும். இதுவரை மூன்று தடவை. கடைசித் தடவை சரியாக ரப்பர் துளிர்விட்டு இலைக்காம்பில் தேன் ஊறுகிற மாசி மாதம், பெட்டியைத் தோட்டம் தோட்டமாக மாற்றி வைக்கவே நேரமில்லாதபோது. இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து கிளாஸ் பெயர் தேடினேன்.

உதவிப் பிரிவுக்கு ஒவ்வொரு முறையும் படத்தோடு எழுதினேன். டெமோவில் சரியாக இருக்கிறதே என்றார்கள். டெமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்றாவது முறை தலைப்பைச் சுருக்கிப் பாருங்கள் என்று பதில் வந்தது. தேனீயை எப்படிச் சுருக்குவது?

நியாயமாகச் சொன்னால் தமிழுக்கென்று விற்ற தீம் இல்லை இது, அது எனக்கும் தெரியும். ஆனால் இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 விதிகளிலேயே, வாசிப்பவர் வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் 1.5 மடங்காக வைத்தாலும் உள்ளடக்கம் எதுவும் மறையக் கூடாது என்று இருக்கிறது. இந்த அட்டையில் அப்படி வைத்தால் இரண்டாவது வரியே பாதி மறைகிறது, ஆங்கிலத்திலும்தான். விற்பனைப் பக்கத்தில் 'எல்லா மொழிகளுக்கும்' என்று போட்டவர்கள் இதையாவது பார்த்திருக்க வேண்டாமா?

மற்றபடி மூன்று வருடத்தில் தளம் ஒரு நாளும் விழவில்லை. பொத்தான்கள் வயசான விரலுக்கும் எட்டுகிற அளவில் இருக்கின்றன, ஆர்டர் போடத் தெரியவில்லை என்று யாரும் கூப்பிட்டதில்லை. இந்த விலைப்பட்டியல் மாதிரி ஒன்றை வேறு எந்தத் தீமிலும் நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. புதுப்பிக்கப் போவதில்லை.

நீயும் வாங்காதே மக்கா, பாதி விலை என்றாலும் வேண்டாம். உன் நர்சரியில் அதிகம் போவது நீலம் மாங்கன்றுதானே. அந்தச் சுழியும் போய் 'நிலம்' என்றுதான் நிற்கும்.