உலகம் சுத்துற டிக்கெட்: டிக்கெட் அருமை, ஆனா அத புக் பண்றதுக்குள்ள...

மொதல்லயே சொல்லிடறேன், ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட்ங்கற பொருள் மேல எனக்கு எந்த குறையும் இல்ல. ஒரே டிக்கெட்ல ஒரு வருஷத்துக்குள்ள பூமிய ஒரு சுத்து சுத்தி வரலாம், அங்கங்க இறங்கி இருந்துட்டு ஏறலாம், தேதி மாத்தணும்னா பெரும்பாலும் காசு கேக்க மாட்டாங்க. தனித்தனியா டிக்கெட் போட்டா ஆகுற செலவோட கணக்கு பண்ணி பாத்துட்டுதான் வாங்கினேன், தூரமான பயணம் நாலஞ்சு இருக்குறவங்களுக்கு நல்லாவே கட்டுப்படியாகும். என் வருத்தமெல்லாம் அத புக் பண்ற முறை மேலதான். மொத பிளான் போட்டதுல இருந்து டிக்கெட் கையில வர்றதுக்கு எனக்கு ஏழு வாரம் ஆச்சு, அதுல நாலு வாரம் சும்மா போச்சு. யாராவது மொதல்லயே இதெல்லாம் சொல்லியிருந்தா அந்த நாலு வாரம் மிச்சம் ஆயிருக்கும், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. இந்த டிக்கெட்ட பெரும்பாலும் ஏர்லைன் கூட்டணிங்கதான் விக்குது. ஸ்டார் அலையன்ஸ் 1997ல ஆரம்பிச்சது, ஒன்வேர்ல்ட் 1999ல. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, 1947 ஜூன்ல, பான் ஆம்ங்கற அமெரிக்க ஏர்லைன் தனியாவே உலகத்த சுத்துற சர்வீஸ் விட்டிருக்கு, அமெரிக்காவுக்குள்ள குறுக்கே ஆள் ஏத்திட்டு போக மட்டும் அவங்களுக்கு உரிமை இல்லாம இருந்துச்சு. இப்ப ஒரு கூட்டணியில இருக்குற பல கம்பெனிங்களோட ஃப்ளைட்ட எல்லாம் கோத்து ஒரு வளையமா ஆக்கணும். தொல்லை ஆரம்பிக்கிற எடமே அதுதான், கம்பெனி பத்து, சிஸ்டம் பத்து, டிக்கெட் ஒண்ணு.

விதிங்க. ஸ்டார் அலையன்ஸ்ல மைல் கணக்கு, அதாவது மொத்தம் எத்தன மைல் வரைக்கும் போகலாம்னு ஒரு வரம்பு: 26,000, 29,000, 34,000, 39,000னு படிப்படியா இருக்கு. ஒன்வேர்ல்ட்ல மைல் கணக்கும் உண்டு, எத்தன கண்டம் தொடறீங்கன்னு எண்ணி வெல போடற டிக்கெட்டும் உண்டு. பொதுவா ஒரே திசையில போகணும், கிழக்கேன்னா கிழக்கே, மேற்கேன்னா மேற்கே. அட்லாண்டிக்க ஒரு தடவ, பசிபிக்க ஒரு தடவ தாண்டணும். கெளம்பின நாட்டுக்கே திரும்பி வரணும், அதே ஊருக்கு வரணும்னு இல்ல. மொத்தம் 16 ஃப்ளைட்டுக்கு மேல போகக்கூடாது. ஒரு ஊர்ல 24 மணி நேரத்துக்கு மேல இருந்தா அது ஸ்டாப்ஓவர், அதுக்கு கம்மின்னா வெறும் ட்ரான்சிட்.

படிக்கும்போது இதெல்லாம் ஈஸியாத்தான் தெரியும். போட ஆரம்பிச்சாதான் எங்க இடிக்குதுன்னு புரியும். 26,000 மைல்னா ஏகப்பட்டதா தோணும்ல, ஆனா பூமத்திய ரேகையில பூமியோட சுத்தளவே கிட்டத்தட்ட 24,900 மைல். வடக்கு பக்கமாவே போனா வட்டம் சின்னதாகும், அந்த படிக்குள்ள அடங்கிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு தெற்க ஒரு எறக்கம் எறங்கினீங்கன்னா போச்சு, மைல் தண்ணியா ஓடும். அதுலயும் மைல் கணக்கு டிக்கெட்ல நீங்க ரயில்லயோ பஸ்லயோ போற தூரத்தையும் சேத்துக்குவாங்க, அதாவது ஒரு ஊர்ல எறங்கி வேற ஊர்ல ஏறினா அந்த இடைவெளி தூரமும் கணக்குல வரும். இது எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது, அதுக்காக ஒரு ஊரையே எடுக்க வேண்டியதாயிடுச்சு.

கண்டக் கணக்கு டிக்கெட்ல இந்த மைல் பயம் இல்ல, ஆனா அங்க வேற ஒண்ணு இருக்கு. நாம பள்ளிக்கூடத்துல படிச்ச கண்டம் வேற, அவங்க கண்டம் வேற. எகிப்து, மொராக்கோ, துபாய், தோஹா எல்லாம் அவங்க கணக்குல ஐரோப்பா. ஒரு கண்டத்துக்குள்ள நாலு ஃப்ளைட்தான், வட அமெரிக்காவுல மட்டும் ஆறு. தோஹா வழியா போய் ஐரோப்பாவுல மூணு ஊர் பாக்கலாம்னு போட்டா அந்த நாலு எப்படி தீந்துச்சுன்னே தெரியாது.

இன்னொண்ணு, பழைய பயணக் குறிப்புகள பாத்து ரூட் போடாதீங்க. கூட்டணியில இருந்து கம்பெனிங்க வெளிய போயிட்டே இருக்கு. லாட்டம்ங்கற தென் அமெரிக்க ஏர்லைன் 2020ல ஒன்வேர்ல்ட்ட விட்டு போச்சு, அதோட அந்த டிக்கெட்ல தென் அமெரிக்காவுக்குள்ள சுத்தறது ரொம்ப கஷ்டமாயிடுச்சு. ஸ்காண்டிநேவிய ஏர்லைன் எஸ்ஏஎஸ் 2024ல ஸ்டார்ல இருந்து ஸ்கைடீம்ங்கற இன்னொரு கூட்டணிக்கு போயிடுச்சு. யாரோ ஒருத்தர் பத்து வருஷம் முன்னாடி போன அழகான ரூட் இன்னைக்கு அந்த டிக்கெட்ல விழவே விழாது.

சரி, என் அனுபவத்துக்கு வரேன். எந்த கூட்டணி, எந்த ஏர்லைன்னு பேர் போடல, ஏன்னா மத்த பக்கமும் இதே கதைதான்னு போயிட்டு வந்த பலர் சொல்றாங்க.

கூட்டணியோட வெப்சைட்ல ஒரு பிளானர் இருக்கு, மேப்ல ஊர் ஊரா கிளிக் பண்ணி கோடு போட்டுட்டே போகலாம். பாக்க அவ்ளோ நல்லா இருக்கும், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து போட்டேன். 13 ஃப்ளைட், 9 ஊர், 29,000 படிக்குள்ள அடங்குச்சு, எல்லா விதிக்கும் பச்சை டிக் வந்துச்சு. கார்டு நம்பர் போட்டு ஓகே கொடுத்தா ஒரு நிமிஷம் சுத்திட்டு, "கட்டணத்தைக் கணக்கிட இயலவில்லை, விமான நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளவும்"ங்கற அர்த்தத்துல ஒரு வரி. அவ்ளோதான். எந்த ஃப்ளைட்ல பிரச்சனை, எந்த விதி இடிக்குது, ஒண்ணும் சொல்லல. மறுநாள் சேவ் பண்ணத தெறந்தா ரெண்டு ஃப்ளைட்ல எடம் இல்லைன்னு வருது, அத மாத்தினா அடுத்த ஃப்ளைட்டோட நேரம் ஒத்து வரல, அத மாத்தினா மைல் ஏறுது. ஒரு நூல இழுத்தா மொத்த துணியும் பிரியற மாதிரி. மூணு வாரம் இப்படியே போச்சு, மூணு தடவ பேமெண்ட் வரைக்கும் போய் மூணு தடவையும் அதே வரி.

ஏன் எடம் இல்லைன்னு காட்டுதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. விமானத்துல சீட் காலியா இருந்தா மட்டும் பத்தாது. சீட்டுங்கள டிக்கெட் வகை வாரியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து வெச்சிருப்பாங்க, இந்த டிக்கெட்டுக்குன்னு ஒதுக்கின எழுத்துல காலி இருக்கணும். ஒன்வேர்ல்டோட கண்டக் கணக்கு டிக்கெட்ல எகானமின்னா 'எல்'ங்கற எழுத்து, பிசினஸ்னா 'டி'. அந்த 'எல்' தீந்துபோச்சுன்னா விமானத்துல நூறு சீட் காலியா கெடந்தாலும் உங்களுக்கு கெடையாது, அடுத்த நாள்தான். எக்ஸ்பர்ட்ஃப்ளையர் மாதிரி சைட்ல எந்த எழுத்துல எத்தன சீட் இருக்குன்னு பாக்க முடியும், பிளானர் முன்னாடி உக்காந்து குருட்டாம்போக்குல கிளிக் பண்றதுக்கு பதிலா ஒரு மாசம் மட்டும் அதுக்கு காசு கட்டி பாத்துடறது எவ்வளவோ மேல்.

தேதி விஷயமும் உண்டு. ஏர்லைன்ங்க சுமார் 11 மாசத்துக்கு முன்னாடி வரைக்கும்தான் அட்டவணைய தெறப்பாங்க. உங்க டிக்கெட் ஒரு வருஷம் செல்லும். அப்ப கடைசி ஃப்ளைட்டுங்க இன்னும் விற்பனைக்கே வந்திருக்காது! அதுக்கு வழி, இருக்குற கடைசி தேதியில சும்மா ஒரு தேதி போட்டு வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கறது. இது குறுக்கு வழியெல்லாம் இல்ல, போன்ல பேசினவங்களே அப்படித்தான் பண்ண சொன்னாங்க. பசிபிக் தாண்டும்போது தேதிக்கோட்ட மறந்துடாதீங்க, ஆக்லாந்துல சாயங்காலம் ஏறினா லாஸ் ஏஞ்சலஸ்ல அதே தேதி மத்தியானமே எறங்கிடுவீங்க, எதிர் திசையில போனா ஒரு நாளே காணாம போயிடும். அடுத்த ஃப்ளைட் தேதிய இத வெச்சுதான் போடணும்.

விசா பத்தி ஒரே வரி: அமெரிக்காவுல விமானம் மாறுறதுக்கு மட்டும்னாலும் உள்ள நுழையறதுக்கான விசாவோ அனுமதியோ வேணும், ரூட் போடறதுக்கு முன்னாடியே அத பாத்துடுங்க.

கடைசியில வெப்சைட்ட விட்டுட்டு டிக்கெட் அடிக்கிற ஏர்லைனுக்கு போன் பண்ணேன். மொத தடவ எடுத்தவருக்கு இப்படி ஒரு டிக்கெட் இருக்குங்கறதே தெரியல, நேரா வெப்சைட்ட பாக்க சொல்லிட்டார். ரெண்டாவது தடவ 50 நிமிஷம் லைன்ல நின்னு ஒருத்தர் கெடச்சார், பொறுமையா 13 ஃப்ளைட்டையும் போட்டு புக்கிங் நம்பர் கொடுத்தார், கட்டணத்த இன்னொரு டிபார்ட்மெண்ட் கையால கணக்கு போடணும், ஆனதும் கூப்பிடறோம்னார். இது ஏன் லேட் ஆகுதுன்னு புரியுது, ஒவ்வொரு ஏர்போர்ட்டோட வரி, ஒவ்வொரு கம்பெனியோட சர்சார்ஜ் எல்லாம் சேக்கணும். ஆனா அஞ்சு நாள் யாரும் கூப்பிடல. ஆறாவது நாள் நானா கூப்பிட்டா, ரெண்டு ஃப்ளைட்டு கேன்சல் ஆயிருக்கு! அந்த ரெண்டும் வேற கம்பெனியோட ஃப்ளைட், குறிப்பிட்ட நேரத்துக்குள்ள டிக்கெட் நம்பர் வரலைன்னா அவங்க சிஸ்டம் தானாவே எடத்த விட்டுடும். அந்த கெடு எப்பன்னு புக்கிங்லயே எழுதியிருந்துச்சாம், எனக்கு யாரும் சொல்லல. அன்னைக்கு எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. தப்பு யாரோடதோ, மறுபடி மொதல்ல இருந்து தேடுனது நான்தான்.

மூணாவது தடவ உருப்படியா பண்ணேன். ஒரு பேப்பர்ல தேதி, ஃப்ளைட் நம்பர், எங்கிருந்து எங்க, எந்த எழுத்து, எத்தன மைல், எல்லாம் வரிசையா எழுதினேன், ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் பக்கத்துல மாத்து ஃப்ளைட் ஒண்ணு. ரவுண்ட் த வேர்ல்ட் டெஸ்க்குக்கு மாத்தி விடுங்கன்னு ஆரம்பத்துலயே கேட்டேன், அப்படி தனியா ஒரு டெஸ்க் இருக்குன்னு அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. வந்தவங்க நான் படிக்க படிக்க போட்டுட்டே வந்தாங்க, 40 நிமிஷத்துல முடிஞ்சுது. கெடு எத்தன மணின்னு கேட்டு வாங்கினேன், அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ கூப்பிட்டேன். மூணாம் நாள் டிக்கெட் வந்துடுச்சு.

டிக்கெட் வந்ததும் வேல முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இங்கதான் முக்கியமான விஷயம். புக்கிங் வேற, டிக்கெட் வேற. ஆறு எழுத்து புக்கிங் நம்பர்ங்கறது உங்களுக்கு எடம் பிடிச்சு வெச்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லும். 13 எலக்கத்துல வர்றதுதான் டிக்கெட் நம்பர், மொத மூணு எலக்கம் எந்த ஏர்லைன் அடிச்சதுன்னு சொல்லும், அதுலதான் காசு இருக்கு. பேப்பர் டிக்கெட் காலத்துல ஒரு டிக்கெட்ல நாலு கூப்பன் இருக்கும், ஒரு ஃப்ளைட்டுக்கு ஒரு கூப்பன், அப்படி நாலு டிக்கெட்ட சேத்தா 16, அந்த 16 ஃப்ளைட் கணக்கு அந்த காலத்து வழக்கம். 2008 ஜூன்ல இருந்து எல்லாம் இ-டிக்கெட் ஆயிடுச்சு, ஆனா கூப்பன் கணக்கு அப்படியே இருக்கு, என் 13 ஃப்ளைட்டுக்கும் வரிசையா நாலு டிக்கெட் நம்பர்.

பயணத்துல பாதியில ஒரு ஃப்ளைட்டோட நேரத்த ஏர்லைன் மாத்துச்சு. மெயில் வந்துச்சு, ஒத்துக்கறேன்னு கிளிக் பண்ணேன், புக்கிங்ல புது நேரம் கன்ஃபர்ம்னு காட்டுச்சு. ஏர்போர்ட்ல கவுண்டர்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்ட வாங்கி தட்டினாங்க, ஸ்க்ரீன பாத்தாங்க, மறுபடி தட்டினாங்க, அப்புறம் மெதுவா, "உங்க பேர் இருக்கு, டிக்கெட் இல்லையே"ன்னாங்க. புக்கிங் புது ஃப்ளைட்டுக்கு மாறியிருக்கு, டிக்கெட் பழைய ஃப்ளைட்லயே நிக்குது, ரெண்டையும் இணைக்கிற வேலைய யாரும் செய்யல. ஒரு கையில போன், எதிர்ல கவுண்டர் மூட இன்னும் 35 நிமிஷம்னு போர்டு. அந்த பொண்ணே எங்கயோ உள் நம்பருக்கு பேசி மாத்தி வாங்கிக் கொடுத்தாங்க, அவங்களுக்கு எத்தன நன்றி சொன்னாலும் தகும். அந்த ஃப்ளைட்ட தவற விட்டிருந்தா மீதி ஃப்ளைட் அத்தனையும் கேன்சல் ஆயிருக்கும், இந்த டிக்கெட்ல வரிசை தப்பக்கூடாது.

அதனால தேதி மாத்தினாலும் சரி, அவங்களா நேரம் மாத்தினாலும் சரி, "டிக்கெட் ரீஇஷ்யூ ஆச்சா, புது நம்பர் என்ன"ன்னு, அதாவது மாத்தினதுக்கு ஏத்த மாதிரி டிக்கெட்ட புதுசா அடிச்சாங்களான்னு, கேக்காம போன வெக்காதீங்க. அப்புறம் ஏர்லைன் சைட்ல போய் அந்த நம்பர் விழுதான்னு நீங்களே பாருங்க.

மார்க் போடணும்னா டிக்கெட்டுக்கு அஞ்சுக்கு நாலரை. வெப்சைட்டுக்கு ஒண்ணு, அதுவும் மைல் கணக்கு பாக்க உதவுதுங்கறதுக்காக. போன் சர்வீஸுக்கு ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும், யார் எடுக்கறாங்கங்கறத பொறுத்து. ரெண்டே கண்டம், நாலு ஃப்ளைட்னா இந்த பக்கமே வராதீங்க, சாதா டிக்கெட் போதும். தேதி மாறிட்டே இருக்கும், ஆறு மாசத்துக்கு மேல சுத்தப்போறேங்கறவங்க தாராளமா வாங்கலாம். இந்த மாதிரி டிக்கெட் நெறைய போட்ட ஒரு ஏஜென்ட் உங்களுக்கு தெரிஞ்சா அவர் கேக்குற கமிஷன கொடுத்து போடுங்க, நான் மறுபடி போனா அப்படித்தான் பண்ணுவேன்.

கடைசி ஃப்ளைட்டோட பொய் தேதிய மாத்த போன மாசம் அதே டெஸ்க்குக்கு கூப்பிட்டேன். ஃப்ளைட் நம்பர், தேதி, எழுத்து மூணையும் சொன்னதும் 12 நிமிஷத்துல முடிச்சாங்க, கேக்கறதுக்கு முன்னாடியே அவங்களா புது டிக்கெட் நம்பர ஒவ்வொரு எலக்கமா நிறுத்தி நிறுத்தி சொன்னாங்க, நான் எழுதிட்டு திருப்பி படிச்சு காட்டினேன்.